கமரா கிளப்பும் காட்சிக்கூடமும்: கொழும்பில் புதிதாகப் படம் எடுப்பவருக்கு ஒரு வழிகாட்டி

கமரா வாங்கி ஆறு மாதமாகிறது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கிறீர்கள். காலிமுகத்திடலில் சூரியன் மறைவதை எடுத்தாகிவிட்டது. புறக்கோட்டைச் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலின் சிவப்பு வெள்ளைச் சுவரையும் எடுத்தாகிவிட்டது. நண்பர் ஒருவர் உங்களைக் கமரா கிளப்புக்குக் கூட்டிப்போகிறார். அங்கே திரையில் ஒரு படம் வந்ததும் எல்லோரும் கைதட்டுகிறார்கள். அடுத்த வாரம் கொள்ளுப்பிட்டியில் ஒரு கண்காட்சிக்குப் போகிறீர்கள். கிளப்பில் ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்காத மாதிரியான படம் ஒன்று அங்கே ஆள் உயரத்துக்குத் தொங்குகிறது. எது சரி என்று தெரியாமல் வீட்டுக்கு வருகிறீர்கள்.

இந்தக் குழப்பத்தில் நான் இரண்டு வருடம் கிடந்தேன். கிளப்பில் புள்ளி வாங்கப் படம் எடுத்தேன். பிறகு கிளப்பின் மீது கோபப்பட்டு விலகினேன். கோபம் தேவையில்லை என்பது பின்னர்தான் புரிந்தது. கிளப் ஒரு படத்தைப் பார்த்து அது தேறுமா என்று கேட்கிறது. சமகாலக் கலைப் புகைப்படத்தில், இந்த ஆள் எதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார், ஏன் பார்க்கிறார் என்று கேட்கிறார்கள். முதல் கேள்விக்குப் பதில் சொல்லக் கை பழக வேண்டும். இரண்டாவதற்கு நீங்கள் ஓரிடத்தில் நிற்கப் பழக வேண்டும். இரண்டையும் கொழும்பிலேயே, பெரிய செலவில்லாமல் பழகலாம்.

முதல் படி: கிளப் ஏன் அப்படிப் பார்க்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்

கிளப் ரசனையைப் பழையது என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அது ஒரு வேலைமுறையிலிருந்து பிறந்த ரசனை. சலோன் என்று சொல்லும் புகைப்படப் போட்டிக் கண்காட்சி ஒன்றுக்கு நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரக்கணக்கில் படங்கள் வரும். நடுவர்கள் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். திரையில் ஒரு படம் வந்து சில விநாடி நிற்கும். புள்ளி போட வேண்டும். அடுத்தது வந்துவிடும். அந்தச் சில விநாடிக்குள் கண்ணைப் பிடித்து நிறுத்தும் படம்தான் பிழைக்கும்.

அதனால்தான் ஒரே ஒரு கருப்பொருள், சுத்தமான பின்னணி, கருப்பொருளை நடுவில் வைக்காமல் சட்டத்தின் மூன்றில் ஒரு பங்கில் வைக்கும் விதி, கூர்மையாகத் தெரியும் கண், நேராக நிற்கும் தொடுவானம் என்று அவ்வளவு வற்புறுத்துகிறார்கள். கொக்கலைக் கடலில் நட்ட தடியில் உட்கார்ந்து மீன்பிடிப்பவர், மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண், கதிரொளியில் குடை பிடித்து நடக்கும் பிக்கு, சுருக்கம் விழுந்த முதியவரின் முகம் எல்லாம் மீண்டும் மீண்டும் வருவதற்கும் அதுதான் காரணம். இவை பார்த்தவுடன் புரியும். கொக்கலையில் தடியில் உட்காருபவர்களில் பலர் இப்போது உல்லாசப் பயணிகளின் படத்துக்காகவே காசு வாங்கிக்கொண்டு உட்காருகிறார்கள். அந்த விஷயம் சலோன் படத்தில் தெரியாது. காசு கைமாறுவதைச் சேர்த்து எடுத்தால் அது வேறு படமாகிவிடும்.

இந்த ரசனைக்கு வரலாறும் உண்டு. புகைப்படம் வெறும் இயந்திர வேலை என்று ஓவியர்கள் ஒதுக்கிய காலத்தில், இதுவும் கலைதான் என்று நிரூபிக்க 1892இல் லண்டனில் சில புகைப்படக்காரர்கள் தனிச் சங்கம் அமைத்தார்கள். அடுத்த வருடமே, ஓவியக் கண்காட்சிகளைப் பார்த்து, சலோன் என்ற பெயரில் கண்காட்சி வைத்தார்கள். மென்மையான ஒளி, ஓவியம் போன்ற அமைப்பு எல்லாம் அப்போது ஒரு போராட்டத்தின் ஆயுதங்கள். 1950இல் உருவான ஃபியாப் என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் பட்டங்களைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வதற்காக உலகம் முழுக்கக் கிளப்காரர்கள் இன்றும் அந்த வழியில் வந்த சலோன்களுக்குப் படம் அனுப்புகிறார்கள்.

கலை உலகம் மட்டும் வேறு திசையில் போய்விட்டது. ஜெர்மனியில் பெர்ன்ட் பெக்கரும் ஹில்லா பெக்கரும் 1959 தொடக்கம் தண்ணீர்த் தொட்டிக் கோபுரங்களையும் உலைகளையும் எடுத்தார்கள். ஒரே மாதிரி மங்கிய வானம், நேருக்கு நேரான பார்வை. அப்படி எடுத்ததைக் கட்டம் கட்டமாக அடுக்கி மாட்டினார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எந்தக் கிளப்பிலும் புள்ளி விழாத படங்கள். 1990இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைவிழாவில் அவர்களுக்குப் பரிசு கிடைத்தது, அதுவும் சிற்பப் பிரிவில். 1976இல் நியூயோர்க் நவீன கலை நூதனசாலை வில்லியம் எகிள்ஸ்டனின் வண்ணப் படங்களை மாட்டியபோது, குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் படம் போன்றவற்றில் என்ன இருக்கிறது என்று விமர்சகர்களே கொதித்தார்கள். நீங்கள் கொள்ளுப்பிட்டியில் நின்று கேட்ட கேள்வியைத்தான் அவர்களும் கேட்டார்கள்.

இரண்டாம் படி: ஒரு வருடம் கிளப்பில் இருங்கள்

இதைத் தவிர்க்க வேண்டாம். கூட்டங்கள் பெரும்பாலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கும். தமிழ் பேசுபவர்கள் ஒன்றிரண்டு பேர் இருந்தால் பெரிது. கூச்சப்படாமல் போங்கள். ஒளியளவு, குவியம், பிரிண்ட் போடும் தாளின் தரம், திரையில் தெரியும் நிறம் தாளில் ஏன் மாறுகிறது ஆகியவற்றை ஒரு மூத்த கிளப் உறுப்பினர் சொல்லித்தருவது போல ஒரு யூடியூப் காணொளியும் சொல்லித்தராது.

நடுவர் உங்கள் படத்தைப் பற்றிப் பேசும்போது புள்ளியைக் குறிக்காதீர்கள். “உங்கள் கண் முதலில் எங்கே போனது?” என்று கேட்டு, அந்தப் பதிலைக் குறியுங்கள். ஒரு வருடத்தில் ஐம்பது பதில் சேர்ந்துவிடும். அடுத்தவர் கண் படத்துக்குள் எப்படி நடக்கிறது என்பதை அறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மூன்றாம் படி: லயனல் வென்ட் வாசலில் நின்று தொடங்குங்கள்

கறுவாத்தோட்டத்தில், கில்ஃபோர்ட் கிறெசென்ட் தெருவில் இருக்கும் லயனல் வென்ட் அரங்கு பலருக்கு நாடகம் பார்க்கப் போகும் இடம். 1953இல் திறக்கப்பட்ட அந்த அரங்கு நிற்பது புகைப்படக்காரர் லயனல் வென்ட் வாழ்ந்த வீடு இருந்த நிலத்தில். வென்ட் 1900இல் பிறந்து 1944இல் இறந்தார். சட்டம் படித்தவர், பியானோ வாசித்தவர். 1930களில் இலங்கையின் புகைப்படச் சங்கத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தவர்களில் ஒருவர். சங்கத்துக்காரர் என்றால் தென்னை, கடற்கரை, முதியவர் முகம் என்று நின்றுவிட வேண்டியதில்லையே. அவர் நெகட்டிவை ஒட்டிச் சேர்த்தார். அச்சிடும்போது ஒளியை உள்ளே விட்டுக் கறுப்பையும் வெள்ளையையும் ஓரளவு தலைகீழாக்கினார். கமராவே இல்லாமல் தாளின் மீது பொருள்களை வைத்தும் படம் செய்தார். 1943இல் ஜோர்ஜ் கீட், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகலை போன்ற ஓவியர்கள் 43 குழுவாகக் கூடியதும் அவரைச் சுற்றித்தான்.

கிளப்பும் காட்சிக்கூடமும் எதிரெதிர் முகாம்கள் என்று யாராவது சொன்னால் வென்டை நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் இரண்டும் ஒரே ஆளின் கையில் சேர்ந்திருந்தன.

அப்புறம் இலங்கை நவீன, சமகாலக் கலை நூதனசாலைக்குப் போங்கள். 2019 டிசம்பரில் தொடங்கியது. பின்னர் கொள்ளுப்பிட்டியில் கிரெஸ்கட் வளாகத்துக்கு வந்தது. படைப்புகளின் அருகே உள்ள குறிப்புகள் தமிழிலும் இருக்கும். நம் மொழியில் சமகாலக் கலையை வாசித்துப் பழகக் கொழும்பில் இதற்கு இணையான இடம் இல்லை. காலி வீதியில் பெயார்ஃபுட் கலரி, ஹோர்ட்டன் பிளேசில் சஸ்கியா பெர்னாண்டோ கலரி, 2013 முதல் நடந்துவரும் கொழும்பஸ்கோப் விழா எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்குள் பார்த்துவிடுங்கள்.

எப்படிப் பார்ப்பது என்பதுதான் முக்கியம். பத்துப் படத்தை ஒரு நிமிடத்தில் தாண்டிப் போகாதீர்கள். ஒரே படைப்பின் முன் கால் மணி நேரம் நில்லுங்கள். உதாரணத்துக்கு, அனோலி பெரேரா 2010, 2011 காலத்தில் செய்த ஒரு படத்தொடரில், பழைய காலனித்துவ ஸ்டூடியோப் படங்கள் போலப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய கூந்தல் முன்னே விழுந்து முகத்தை மூடியிருக்கிறது. உருவப்படம் என்றால் கண் கூர்மையாக இருக்க வேண்டும் என்பது கிளப் பாடம். இங்கே கண்ணே இல்லை. கொஞ்ச நேரம் நின்றால், இவர்களை இப்படி உட்காரவைத்து யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற கேள்வி வரும். உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் பாட்டியின் ஸ்டூடியோப் படம் ஞாபகம் வரும். முகத்தை மறைத்ததால்தான் பார்ப்பவரின் பார்வை படத்துக்குள் விஷயமானது. இப்படி ஒரு படைப்பு உங்களைப் பிடித்து நிறுத்தினால், எந்த விதியை அது மீறியது, அந்த மீறல் எதைக் கொண்டுவந்தது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள்.

நின்று பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லையா? பரவாயில்லை. எல்லாம் நல்ல படைப்பாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. காட்சிக்கூடத்திலும் வெற்றுப் படங்கள் தொங்குகின்றன.

நான்காம் படி: நடந்து போகும் தூரத்தில் ஒன்றைப் பிடியுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். சமகாலம் என்றதும் போர், இடப்பெயர்வு, அடையாளம் என்று பெரிய சொற்களில் தொடங்குகிறார்கள். சொல் பெரிதானால் படம் ஒல்லியாகிவிடும். உங்கள் வாசலிலிருந்து பதினைந்து நிமிடம் நடந்தால் வந்துசேரும் ஒன்றை எடுங்கள். திரும்பத் திரும்பப் போக முடிய வேண்டும். அதுதான் ஒரே நிபந்தனை.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து இறங்கும் ராமகிருஷ்ண வீதி, விவேகானந்தா வீதி போன்ற தெருக்கள் எல்லாம் கடைசியில் கடலைத்தான் பார்க்கின்றன. அந்தக் கடைசி ஐம்பது அடியில் மாலையில் யார் வந்து நிற்கிறார்கள்? செட்டியார் தெரு நகைக்கடையில் அடகு மீட்க வந்தவர் காத்திருக்கும் நாற்காலி. ஆடிவேல் நாளில் எல்லோரும் தேரைத்தான் எடுப்பார்கள். தேர் போன பிறகு உடைந்த தேங்காய்ச் சிரட்டையோடு கிடக்கும் தெருவை நீங்கள் எடுக்கலாம்.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்களிடம் போய், விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து தரச் சொல்லிக் கேட்டார். 2011இல் அது நூலாக வந்தது. புகைப்படம் இல்லைதான். ஆனாலும் புதியவர் கற்க வேண்டிய முறை அதில் இருக்கிறது: ஒரே கேள்வியைப் பல வீடுகளில் கேட்பது.

என் விஷயம் தற்செயலாக வந்தது. 2022 மார்ச்சில் மின்வெட்டு. எங்கள் தொடர்மாடியில் லிஃப்ட் ஓடாது. ஆறு மாடி ஏறி இறங்கியபோதுதான் ஒவ்வொரு கதவுக்கு வெளியேயும் கழற்றிவைத்த செருப்புகளைக் கவனித்தேன். அதுவரை என் தளத்தைத் தவிர வேறு தளம் எனக்குத் தெரியாது. சில மாதத்தில் சில வாசல்களில் சோடிகள் குறையத் தொடங்கின. கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு முன்னால் வரிசை நீண்ட வருடம் அது.

ஐந்தாம் படி: உங்களுக்கென்று விதி போட்டு, அதை மீறாதீர்கள்

கிளப் விதிகளை விடுவதென்றால் விதியே இல்லாமல் எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். தொடர் ஒன்று நிற்பதே விதியில்தான். நான் போட்ட விதிகள்: 35 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று மட்டும். கமரா இடுப்பு உயரத்தில், முக்காலியில். செருப்பை நகர்த்தக் கூடாது. ஃபிளாஷ் இல்லை. ஆட்கள் இல்லை. நடையில் குழல்விளக்கின் பச்சையும் சன்னல் வெளிச்சத்தின் நீலமும் கலந்து வரும். கமராவைத் தானாக நிறம் திருத்த விட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறமாகும். அதனால் வெண்சமநிலையை 4000 கெல்வினில் பூட்டிவைத்தேன். துவாரம் எஃப் 8. முக்காலி இருப்பதால் கால் விநாடி, அரை விநாடி எடுத்தாலும் கவலையில்லை.

மூன்றாம் மாடியில் ஒரு வாசல். பழைய மரத் தட்டில் ஒரு சோடி பாட்டா செருப்பு, பெண்களுடையது, தேய்ந்தது. பக்கத்தில் ஆண்களின் தோல் செருப்பு. தோலின் மேல் தூசி மெல்லிய பவுடர் போலப் படிந்திருக்கிறது. வார் மட்டும் துடைத்தது மாதிரி இருக்கிறது. பெருவிரல் அழுந்திய இடத்தில் பள்ளமும் கறுப்பும். நான் முக்காலியை விரித்தபோது கதவு திறந்தது.

“செருப்பை ஏன் தம்பி படம் எடுக்கிறீர்?”

சொன்னேன். எல்லா மாடியிலும் எடுக்கிறேன், ஆட்களை எடுக்கமாட்டேன், விருப்பமில்லை என்றால் விட்டுவிடுகிறேன் அம்மா என்றேன். அவர் கொஞ்ச நேரம் அந்தத் தட்டையே பார்த்தார்.

“அது அவற்ற செருப்பு. மூண்டு வருசமாச்சு. உள்ளுக்கை எடுத்து வைக்க மனம் வரேல்லை. நீர் எடும்.”

ஆறாம் படி: கேட்டு எடுங்கள்

அந்த அம்மாவின் வாசலில் நான் சொன்ன அளவே போதும். கேட்டால் படம் கெட்டுவிடும் என்ற பயம் தெருப் புகைப்படக்காரர்கள் பரப்பியது. ஒரு வருடம் அதே இடத்துக்குப் போகப் போகிறீர்கள், அதனால் முதல் நாளே உங்களைத் தெரிந்துகொள்வது அவர்களுக்கும் நல்லது. குழந்தைகளை எடுப்பதென்றால் பெற்றோரிடம் கேட்காமல் எடுக்கவே வேண்டாம். துறைமுகம், படை முகாம், சோதனைச் சாவடி பக்கம் கமராவைத் தூக்காதீர்கள். அடையாள அட்டை எப்போதும் கையில் இருக்கட்டும். பொலிஸ் கேட்டால் திரையில் படங்களைக் காட்டி, அமைதியாக விளக்குங்கள். தமிழராகிய நமக்கு இந்த எச்சரிக்கை இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

ஏழாம் படி: பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள்

தொலைபேசித் திரையில் தொடர் பிறக்காது. எடுத்ததையெல்லாம் 4×6 அங்குலத்தில் பிரிண்ட் போடுங்கள். என்னிடம் 61 இருந்தன. அறைத் தரையில் பரப்பி ஒரு வாரம் அப்படியே விட்டேன். போகும்போதும் வரும்போதும் பார்க்க வேண்டும். ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டு படம் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். எதை விலக்கினால் குறை தெரியவில்லையோ அது போகலாம். ஒன்றின் பக்கத்தில் வைத்ததும் இன்னொன்று மாறுகிறதா என்று பாருங்கள்.

இங்கே எனக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். அந்த 61இல் ஒன்று, படிக்கட்டுச் சன்னல் வழியாக மாலை வெயில் சாய்வாக விழுந்து ஒரு சிவப்புச் செருப்பை மட்டும் எரிய வைத்த படம். கிளப்பில் காட்டினேன், அன்றைய கூட்டத்தில் அதிக புள்ளி அதற்குத்தான். அந்த அம்மாவின் வாசல் படத்தையும் காட்டினேன். “பின்னணி குழப்பம், கருப்பொருள் எது என்று தெரியவில்லை” என்றார் நடுவர். அவர் சொன்னது அந்தச் சில விநாடிகளுக்குச் சரிதான். ஆனால் தரையில் பரப்பியபோது சிவப்புச் செருப்பு மற்றப் படங்களின் நடுவே சத்தம் போட்டது. பார்ப்பவர் வெயிலை ரசித்துவிட்டு நகர்ந்தார்கள், வாசல்களை மறந்தார்கள். பதினாலு படத்தைத் தேர்ந்தபோது அதை விலக்கிவிட்டேன். விலக்கக் கை வரவில்லை, மூன்று நாள் திரும்பத் திரும்ப உள்ளே வைத்தேன். மூன்றாம் மாடி வாசல் முதலாவதாக வந்தது.

உங்களுக்கும் இப்படி ஒரு அழகான படம் இருக்கும். தொடரிலிருந்து அதைத் தூக்கிப் பாருங்கள். மற்றவை நிமிர்ந்து உட்கார்ந்தால் தூக்கியது சரி. அதைத் தனியாக சலோனுக்கு அனுப்புங்கள், அங்கே அதற்கு இடம் உண்டு.

எட்டாம் படி: நான்கு வரி எழுதுங்கள், முதலில் தமிழில்

சமகாலக் கலையில் படத்தோடு ஒரு குறிப்புக் கேட்பார்கள். கிளப் பக்கத்திலும் இது வந்துவிட்டது. 1853இல் தொடங்கிய பிரித்தானிய ரோயல் புகைப்படச் சங்கமே இணை உறுப்பினர் தகுதிக்கு 15 படங்களோடு நோக்கக் குறிப்பு ஒன்றும் கேட்கிறது. ஆகவே இந்தப் பயிற்சி இரண்டு பக்கத்துக்கும் உதவும்.

“இருப்புக்கும் இன்மைக்கும் இடையிலான ஒரு காட்சிப் பயணம்” என்று எழுதாதீர்கள். எந்தப் படத்தின் கீழும் அதை ஒட்டலாம். எங்கே, எப்போது, எதை, எந்த விதியில் எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். என்னுடையது இது: “2022 மார்ச் தொடக்கம் ஒரு வருடம், வெள்ளவத்தையில் நான் வசிக்கும் தொடர்மாடியின் ஆறு தளங்களில், கதவுகளுக்கு வெளியே இருந்த செருப்புகளை எடுத்தேன். எதையும் நகர்த்தவில்லை. தொடங்கியபோது இருந்த சில சோடிகள் முடித்தபோது இல்லை.” தமிழில் நின்றால்தான் மொழிபெயர்ப்பிலும் நிற்கும்.

ஒன்பதாம் படி: காட்டுங்கள்

கலரி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பதினாலு படத்தை 8×12 அங்குலத்தில் போட்டு, எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளச் சுவரில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். நிர்வாகக் குழுவிடம் அனுமதி வாங்க இரண்டு கூட்டம் எடுத்தது. பிள்ளைகள் தங்கள் செருப்பைத் தேடினார்கள். நான்காம் மாடிக்காரர் ஒருவர் ஐந்தாம் மாடியில் யார் இருந்தார்கள் என்று அன்றுதான் விசாரித்தார். உங்கள் பகுதியில் நூலகம், வாசிகசாலை, கோயில் மண்டபம், சலூன் எதுவாகவும் இருக்கலாம். மாட்டியதைப் படம் எடுத்துப் பதிவாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கலரிக்குக் கொண்டுபோகும்போது பத்து முதல் பதினைந்து படம், நான்கு வரிக் குறிப்பு, சுவரில் மாட்டிய பதிவு, இவ்வளவு போதும்.

ஒவ்வொரு படத்திலும் இரண்டு பிரிண்ட் போடுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று அந்த வாசலுக்கு. பின்பக்கத்தில் திகதியும் தளமும் எழுதி, கடித உறையில் போட்டு, ஆள் கையிலேயே கொடுங்கள். கதவடியில் தள்ளிவிட்டு வராதீர்கள். மூன்றாம் மாடிக்குப் போனபோது தேத்தண்ணி குடிக்காமல் என்னை அனுப்பவில்லை. செருப்புகள் இரண்டும் அதே தட்டில்தான் இருந்தன.